மாறும் மின்னோட்டமும் சேரும் மின்னூட்டமும்



மின்னியல் பாடத்தைத் தொடங்கும் மாணவர்கள் முதலில் மனனம் செய்யும் வாய்பாடுகளுள் ஒன்று, மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கினால் மின்னூட்டம் கிடைக்கும் என்பது. கைவிளக்கு ஒன்றின் குமிழில் 0.3 ஆம்பியர் மின்னோட்டம் 10 நிமிடம் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 நிமிடம் என்பது 600 வினாடி. 0.3-ஐ 600-ஆல் பெருக்க 180. ஆகவே அந்தக் குமிழின் வழியே சென்ற மின்னூட்டம் 180 கூலோம். கணக்கு முடிந்தது.

ஆனால் அடுத்த கணக்கில், "மின்னோட்டம் 6 ஆம்பியரிலிருந்து 2 ஆம்பியருக்குக் குறைகிறது" என்று ஒரு வரி வந்துவிட்டால் மாணவர் திகைத்துப் போகிறார். எதை நேரத்தால் பெருக்குவது? 6-ஐயா, 2-ஐயா? வாய்பாடு கையில் இருக்கிறது, வழிதான் தெரியவில்லை. இந்தத் திகைப்பைத் தீர்ப்பதே இன்றைய உரையின் நோக்கம். நேயர்கள் ஒரு தாளும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொண்டு கேட்டால் நல்லது.

முதலில் இரு சொற்களையும் தெளிவுபடுத்திக் கொள்வோம். மின்னூட்டம் என்பது அளவு. மின்னோட்டம் என்பது அந்த அளவு கடந்து செல்லும் வேகம். ஒரு வினாடியில் ஒரு கூலோம் மின்னூட்டம் கம்பியின் ஓரிடத்தைக் கடந்தால், அங்கே பாயும் மின்னோட்டம் ஓர் ஆம்பியர். ஒரு கூலோம் என்பது ஏறத்தாழ 62,400 கோடி கோடி எலெக்ட்ரான்களின் மின்னூட்டத்திற்குச் சமம். கூலோம், ஆம்பியர் ஆகிய இரு பெயர்களும் பிரெஞ்சு நாட்டு அறிஞர் இருவரின் பெயர்கள். கூலோம் 1736 முதல் 1806 வரை வாழ்ந்தவர். ஆம்பியர் 1775 முதல் 1836 வரை வாழ்ந்தவர். இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும் நம் பிள்ளைகள் மின்னூட்டத்தை மலாய் மொழியில் 'சாஸ்' என்றும், மின்னோட்டத்தை 'ஆருஸ்' என்றும் படிப்பார்கள். சொல் மாறினாலும் பொருள் மாறுவதில்லை. பொருளை ஒரு மொழியில் உறுதியாகப் பற்றிக்கொண்டவர், மறுமொழியில் அதைக் காணும்போது அஞ்ச வேண்டியதில்லை.

இனி, நம் தோட்டத்து மக்கள் அனைவரும் அறிந்த ஒரு காட்சியைக் கொண்டு இதை விளக்குவோம். விடியற்காலையில் பால்மரத்தைச் சீவியவுடன் பால் விரைந்து வழிகிறது. சிறிது நேரம் சென்றால் வழிவது சொட்டாகிறது. பிறகு சொட்டுக்கும் சொட்டுக்கும் இடையே நேரம் நீள்கிறது. சில மணி நேரத்தில் வெட்டுவாயில் பால் உறைந்து, சொட்டுவது நின்றுவிடுகிறது. சீவிய முதல் நிமிடத்தில் பால் வழிந்த வேகத்தை அளந்துகொண்டு, "இதே வேகத்தில் மூன்று மணி நேரம் வழிந்திருக்கும்" என்று ஒருவர் கணக்குப் போட்டால், அவருடைய கணக்கில் மங்கு நிரம்பி வழியும். உண்மையிலோ மங்கில் பாதிகூட இராது. கடைசிச் சொட்டின் வேகத்தைக் கொண்டு கணக்கிட்டாலோ, மங்கு ஏறக்குறைய காலியாக இருக்க வேண்டும். இரண்டும் பொய்க்கணக்கு. மங்கில் சேர்ந்திருப்பது, ஒவ்வொரு கணத்திலும் வழிந்ததன் கூட்டுத்தொகை.

பால் வழியும் வேகம் மின்னோட்டத்தைப் போன்றது. மங்கில் சேர்ந்த பால் மின்னூட்டத்தைப் போன்றது. தொழிலாளி நிறுத்துக் காட்டுவது சேர்ந்த பாலை. காலை ஏழு மணிக்கு அது சொட்டிய வேகத்தை அன்று. இந்த வேறுபாடு நெஞ்சில் பதிந்துவிட்டால், இன்றைய பாடத்தின் பாதி முடிந்தது.

இப்போது மின்சாரத்திற்கு வருவோம். இரவுச் சந்தையில் கடை போடும் வியாபாரி ஒருவர், விளக்கு எரிப்பதற்காக 12 வோல்ட் பேட்டரி ஒன்றை வைத்திருக்கிறார் என்று கொள்வோம். பேட்டரி ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. அதை மின்னேற்றக் கொடுக்கிறார். மின்னேற்றும் கருவியில் உள்ள மானி, தொடக்கத்தில் 6 ஆம்பியர் காட்டுகிறது. நான்கு மணி நேரம் கழித்துப் பேட்டரியை எடுத்துக் கொடுக்கிறார்கள். "6 ஆம்பியர், 4 மணி நேரம், ஆக 24 ஆம்பியர் மணி ஏறியிருக்கிறது" என்று சொல்லிக் காசு வாங்கிக்கொள்கிறார்கள். வியாபாரியின் விளக்குக்கு 1 ஆம்பியர் தேவை. நாளொன்றுக்கு 4 மணி நேரம் எரிக்கிறார். இருபத்து நான்கை நான்கால் வகுத்தால் ஆறு இரவுகளுக்கு வெளிச்சம் வரவேண்டும். ஆனால் நான்காம் இரவிலேயே கடை இருண்டுவிடுகிறது. பேட்டரி பழுது என்கிறார் ஒருவர். விளக்கு பழுது என்கிறார் மற்றொருவர். பேட்டரியிலும் பழுதில்லை, விளக்கிலும் பழுதில்லை. கணக்கில்தான் பழுது.

ஏன் என்று பார்ப்போம். மின்னேற ஏற, பேட்டரியின் மின்னழுத்தம் உயர்கிறது. அது கருவியிலிருந்து வரும் மின்னோட்டத்தை எதிர்த்து நிற்கிறது. அதனால் மின்னோட்டம் வரவரக் குறைகிறது. மணிக்கு ஒருமுறை மானியைப் பார்த்துக் குறித்து வைத்தால், அந்த எண்கள் இப்படி இருக்கலாம். தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: தொடக்கத்தில் 6 ஆம்பியர், ஒரு மணி நேரம் கழித்து 4, இரண்டு மணி நேரம் கழித்து 2.8, மூன்று மணி நேரம் கழித்து 2.2, நான்காம் மணி முடிவில் 2.

இந்த எண்களைக் கொண்டு ஒரு வரைபடம் வரைவோம். கிடைக்கோட்டில் நேரம், செங்குத்துக்கோட்டில் மின்னோட்டம். மின்னோட்டம் மாறாமல் 6 ஆம்பியராகவே இருந்திருந்தால், வரைபடம் ஒரு கிடைக்கோடாக இருக்கும். அதன்கீழ் அமைவது ஒரு செவ்வகம். உயரம் 6, அகலம் 4, பரப்பு 24. மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்குவது என்பது இந்தச் செவ்வகத்தின் பரப்பைக் காண்பதே. ஆகவே, கோட்டின்கீழ் உள்ள பரப்பே மின்னூட்டம். கோடு நேராக இருந்தாலும், சரிந்து இறங்கினாலும், வளைந்து நெளிந்தாலும் இந்த உண்மை மாறாது. மாறுவது பரப்பைக் காணும் முறை மட்டுமே.

நம் ஐந்து புள்ளிகளையும் இணைத்தால், நான்கு பட்டைகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு பட்டையும் ஒரு சரிவகம். இரு பக்க உயரங்களையும் கூட்டி, இரண்டால் வகுத்து, அகலத்தால் பெருக்கினால் சரிவகத்தின் பரப்பு வரும். இங்கே ஒவ்வொன்றின் அகலமும் ஒரு மணி. முதல் மணியில் 6-உம் 4-உம் சேர்ந்து 10. அதில் பாதி 5. இரண்டாம் மணியில் 4-உம் 2.8-உம் சேர்ந்து 6.8, பாதி 3.4. மூன்றாம் மணியில் 2.8-உம் 2.2-உம் சேர்ந்து 5, பாதி 2.5. நான்காம் மணியில் 2.2-உம் 2-உம் சேர்ந்து 4.2, பாதி 2.1. நான்கையும் கூட்டுங்கள். 13 ஆம்பியர் மணி வருகிறது. ஒரு மணிக்கு 3,600 வினாடி. ஆகவே 13-ஐ 3,600-ஆல் பெருக்க, 46,800 கூலோம். பேட்டரியில் ஏறியது 24 அன்று, 13-தான். அந்தப் பதின்மூன்றையும் பேட்டரி முழுமையாகத் திருப்பித் தருவதில்லை. நான்காம் இரவில் விளக்கு அணைந்ததில் வியப்பென்ன?

இங்கே ஒரு கேள்வி எழலாம். "தொடக்கத்தில் 6, முடிவில் 2, இரண்டின் சராசரி 4, அதை நான்கு மணியால் பெருக்கினால் 16. இவ்வளவு எளிய வழி இருக்க, நான்கு பட்டைகள் எதற்கு?" நல்ல கேள்வி. மின்னோட்டம் சீராக, மணிக்கு ஓர் ஆம்பியர் வீதம் குறைந்திருந்தால் அந்த வழி முற்றிலும் சரி. அப்போது வரைபடம் ஒரே நேர்க்கோடாக இருக்கும்; முழுப் பரப்பும் ஒரே சரிவகம். ஆனால் நம் பேட்டரியில் மின்னோட்டம் முதலில் விரைவாகவும் பிறகு மெதுவாகவும் குறைந்தது. அதனால் முதலையும் முடிவையும் மட்டும் பார்த்தவர் 3 ஆம்பியர் மணி மிகையாகச் சொல்லிவிடுகிறார். இடையில் நடந்ததைப் பார்க்காமல் சராசரி சொல்லக்கூடாது.

மணிக்கு ஒருமுறை பார்த்ததற்குப் பதிலாக அரை மணிக்கு ஒருமுறை பார்த்தால் என்ன ஆகும்? இடையில் கிடைக்கும் எண்கள் முறையே 4.9, 3.3, 2.5, 2.1 என்று கொள்வோம். இப்போது எட்டுப் பட்டைகள். ஒவ்வொன்றின் அகலமும் அரை மணி. இதே முறையில் கூட்டிப் பாருங்கள், 12.9 வரும். வளைந்து இறங்கும் கோட்டின் இரு புள்ளிகளை நேர்க்கோட்டால் இணைக்கும்போது, அந்த நேர்க்கோடு வளைகோட்டுக்குச் சற்று மேலே நிற்கிறது. அதனால்தான் முன்பு கொஞ்சம் மிகையாக வந்தது. பட்டைகளை மெலிதாக்க மெலிதாக்க, விடை உண்மைக்கு நெருங்கிச் செல்கிறது.

இந்த எண்ணத்தை அதன் எல்லைவரை கொண்டு சென்றால் கிடைப்பதே நுண்கணிதத்தில் வரும் தொகையீடு. ஆறாம் படிவ மாணவர்கள் தொகையீட்டுக் குறியைக் கண்டதும் அஞ்சுகிறார்கள். பாம்பு படம் எடுத்ததுபோல் நீண்டு நிற்கும் அந்தக் குறியை, ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் 1675-ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கினார். அது 'எஸ்' என்ற எழுத்தின் நீண்ட வடிவம். இலத்தீன் மொழியில் 'சும்மா' என்றால் கூட்டுத்தொகை. நம் தமிழ்ச் 'சும்மா' வேறு, அந்தச் 'சும்மா' வேறு! அந்தக் குறி நமக்கு இடும் கட்டளை ஒன்றே: மெல்லிய பட்டைகளாக வெட்டு, எல்லாவற்றையும் கூட்டு.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு கம்பியில் பாயும் மின்னோட்டம், வினாடியில் கணக்கிட்ட நேரத்தின் வர்க்கத்தைப்போல் மூன்று மடங்கு என்று கொள்வோம். தொடக்கத்தில் மின்னோட்டம் இல்லை. ஒரு வினாடியில் 3 ஆம்பியர். இரண்டாம் வினாடி முடிவில் 12 ஆம்பியர். இரண்டு வினாடியில் சென்ற மின்னூட்டம் எவ்வளவு? நேரத்தின் வர்க்கத்தின் மூன்று மடங்கைத் தொகையிட்டால் நேரத்தின் கனம் வரும். இரண்டின் கனம் எட்டு. விடை 8 கூலோம். நுண்கணிதம் படிக்காதவரும் இதைச் சரிபார்க்கலாம். இரண்டு வினாடியை நான்கு அரை வினாடிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுக்கணத்திலும் மின்னோட்டத்தைக் கண்டு, அகலமாகிய அரையால் பெருக்கிக் கூட்டினால் 7.875 வருகிறது. நான்கே பட்டைகளில் இவ்வளவு நெருக்கம்! கடைசி மின்னோட்டமாகிய 12-ஐ இரண்டால் பெருக்கியவர் 24 என்று எழுதி மதிப்பெண் இழப்பார்.

மின்னோட்டம் திசை மாறினால் என்ன செய்வது? பேட்டரிக்குள் செல்வதைக் கூட்டல் என்று கொண்டால், வெளியே வருவதைக் கழித்தல் என்று கொள்ள வேண்டும். 3 ஆம்பியர் இரண்டு மணி நேரம் உள்ளே சென்றது. பிறகு 1 ஆம்பியர் நான்கு மணி நேரம் வெளியே வந்தது. வரவு 6, செலவு 4, மீதம் 2 ஆம்பியர் மணி. நம் வீடுகளுக்கு வரும் மாறுதிசை மின்னோட்டம் வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் சென்று வருகிறது. ஒரு முழுச் சுற்றில் முன்னே சென்றதும் பின்னே வந்ததும் சமம். ஆகவே நிகர மின்னூட்டம் சுழி. அதற்காக அது வேலை செய்யவில்லை என்று பொருளன்று. இழைக்குமிழ் விளக்கின் இழை இரு திசையிலும் சூடாகத்தான் செய்கிறது.

மாறும் மின்னோட்டத்தைக் கூட்டிச் சொல்லும் வேலை, பணம் சம்பந்தப்பட்ட வேலையாகவும் இருந்திருக்கிறது. 1882-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள், அமெரிக்காவின் நியூயார்க் நகரில் எடிசனின் பேர்ல் தெரு மின்நிலையம் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. வாடிக்கையாளர் ஒரு நேரம் இரண்டு விளக்கு எரிப்பார், ஒரு நேரம் பத்து எரிப்பார், ஒரு நேரம் ஒன்றும் எரிக்கமாட்டார். மின்னோட்டம் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும்போது எப்படிக் கட்டணம் வாங்குவது? இதற்கு விடை, இங்கிலாந்து அறிஞர் பாரடேயிடமிருந்து வந்தது. மின்பகுப்பில் தகட்டில் படியும் உலோகத்தின் நிறை, கடந்து சென்ற மின்னூட்டத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதை அவர் 1830-களிலேயே கண்டறிந்திருந்தார்.

எடிசனின் மானியில் ஒரு கண்ணாடிக் குடுவை. அதில் துத்தநாக சல்பேட்டுக் கரைசல். அதனுள் இரண்டு துத்தநாகத் தகடுகள். வீட்டுக்குச் செல்லும் மின்னோட்டத்தின் ஒரு சிறு பங்கு மட்டும் குடுவை வழியே செல்லும். ஒரு தகட்டிலிருந்து துத்தநாகம் கரைந்து மற்றதில் படியும். மின்னோட்டம் மிகுந்தால் வேகமாகப் படியும்; குறைந்தால் மெதுவாகப் படியும்; நின்றால் படிவதும் நிற்கும். குறித்த காலத்தில் ஆள் வந்து தகடுகளை எடுத்துச் சென்று நிறுப்பார். ஓர் ஆம்பியர் மணி மின்னூட்டம் கடந்தால் ஏறத்தாழ 1.22 கிராம் துத்தநாகம் இடம் மாறும். நம் வியாபாரியின் பேட்டரிக்குச் சென்ற 13 ஆம்பியர் மணி முழுவதும் இப்படியொரு குடுவை வழியே சென்றிருந்தால், ஏறத்தாழ 16 கிராம் இடம் மாறியிருக்கும். வெட்டுவதும் கூட்டுவதும் ஆகிய கணக்கை எழுத்தறியாத துத்தநாகத் தகடு பிழையின்றிச் செய்து வைத்தது!

ஆனால் அந்த மானியில் ஒரு குறை இருந்தது. வாடிக்கையாளரால் அதைப் படிக்க முடியாது. நிறுத்தவர் சொன்னதுதான் கணக்கு. பின்னாளில் முள்ளும் எண்ணும் கொண்ட மானிகள் வந்தபோதுதான், கட்டணம் செலுத்துபவரும் தம் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க முடிந்தது. அளக்கும் முறை நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது. அளக்கப்படுபவருக்கும் அது விளங்க வேண்டும். தராசின் முன் நின்று பழகிய நம் மக்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இன்று நாம் கையில் வைத்திருக்கும் கைத்தொலைபேசியும் இதே கணக்கைச் செய்கிறது. அதன் பேட்டரியில் 5,000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தால், அது 5 ஆம்பியர் மணி, அதாவது 18,000 கூலோம். படம் பார்க்கும்போது ஒரு மின்னோட்டம், சும்மா கிடக்கும்போது வேறொரு மின்னோட்டம். பல தொலைபேசிகளில் உள்ள ஒரு சிறு மின்சுற்று அதை இடைவிடாது அளந்து, மெல்லிய பட்டைகளாக வெட்டிக் கூட்டி, எத்தனை விழுக்காடு மீதம் என்று திரையில் காட்ட உதவுகிறது.

மின்னலைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டில் இடியும் மின்னலும் மிகுதி. மின்னல் வீச்சில் மின்னோட்டம் 30,000 ஆம்பியர் அளவுக்கு ஏறக்கூடும். கேட்டவுடன் எவ்வளவு மின்னூட்டமோ என்று மலைக்கிறோம். ஆனால் அது ஒரு வினாடியில் மிகச் சிறு பகுதிதான் நீடிக்கிறது. 30,000 ஆம்பியரிலிருந்து ஒரு வினாடியின் பத்தாயிரத்தில் இரண்டு பங்கு நேரத்திற்குள் சீராகச் சுழிக்கு இறங்குவதாகக் கொண்டால், முக்கோணத்தின் பரப்பு 3 கூலோம். உரையின் தொடக்கத்தில் சொன்ன கைவிளக்குக் குமிழ் பத்தே வினாடியில் கடத்தும் மின்னூட்டம் அது! ஆயினும், அந்த 3 கூலோம் கண்ணிமைக்கும் நேரத்திற்குள் பேரழுத்தத்தோடு பாய்வதால் உயிரைப் பறிக்கிறது. ஆகவே சேர்ந்த அளவும் தெரிய வேண்டும், பாய்ந்த வேகமும் தெரிய வேண்டும். ஒன்றைக் கொண்டு மற்றதை எடைபோடக்கூடாது. இடி முழங்கும்போது மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்திற்குள் சென்றுவிடுங்கள்.

முடிவாக, வீட்டில் செய்து பார்க்க ஒரு கணக்கு. ஒரு கம்பியில் மின்னோட்டம் முதல் 3 வினாடியில் சுழியிலிருந்து 4 ஆம்பியருக்குச் சீராக ஏறுகிறது. அடுத்த 5 வினாடி 4 ஆம்பியராகவே நிற்கிறது. அதற்கடுத்த 2 வினாடியில் சீராகக் குறைந்து சுழியாகிறது. சென்ற மின்னூட்டம் எவ்வளவு? வரைபடத்தை வரையுங்கள். ஒரு முக்கோணம், ஒரு செவ்வகம், மீண்டும் ஒரு முக்கோணம் தோன்றும். மூன்றின் பரப்பையும் கூட்டினால் 30 கூலோம் வரவேண்டும். வேறு விடை வந்தால் எந்தப் பகுதியில் தவறியது என்பதை வரைபடமே காட்டிக்கொடுக்கும்.

மாறுகின்ற ஒன்றை ஒரே பார்வையில் அளந்துவிட முடியாது. சிறிது சிறிதாகப் பார்த்து, விடாமல் கூட்ட வேண்டும். இதை விளங்கிக்கொண்ட பிள்ளை, நாளை மின்னேற்றக் கடையில் நின்றாலும் சரி, தேர்வு மண்டபத்தில் அமர்ந்தாலும் சரி, பிறர் சொன்ன எண்ணை அப்படியே ஏற்காமல் தானே கணக்கிட்டுப் பார்க்கும். நம் பிள்ளைகள் கணக்குக் கற்பதன் பயன் அதுவே.